செவலைக்குப் போட்ட ரெட்டைத் தையல்

ஆவணி 9, திங்கள்

காலையில் மூட்டம். பத்து மணிக்கு மேல் மண்டையைப் பிளக்கிற வெயில். பட்டறைக்குப் போகவில்லை. லாரித் தார்ப்பாய் ஒன்று பாதி தைத்தபடி அங்கே கிடக்கிறது. கிடக்கட்டும். இன்று நம் கொல்லையில் மாபெரும் போர்.

எதிரி: கீரிப்பிள்ளை ஒன்று. நீளம் உள்ளபடி ஒன்றரை முழம். மதியம் டீக்கடையில் சொன்னபோது மூன்று முழம். நாளைக்கு இன்னும் வளரும்.

இடம்: குளியலறைக்குப் பின்னால், வாழைமரத்தடி.

எங்கள் படை: நான், ஒரு தென்னமட்டை.

அடிபட்டது: செவலைப் பெட்டை. அக்கா மகள் நித்யாவின் கோழி. (இனி இந்த நோட்டில் அவள் பெயர் 'நி.' மட்டும். மை விலை ஏறிவிட்டது.)

கத்தல் கேட்டு ஓடினேன். இந்த அம்பத்தாறு வயதில் நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்திருந்தால் ஈரோடு போகும் எக்ஸ்பிரஸ் வெட்கப்பட்டு நின்றிருக்கும். கீரி விட்டுவிட்டுப் போனது. போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தது. மரியாதை இல்லாத பார்வை.

கோழிக்குக் கழுத்தில் இரண்டு பொத்தல். வலது றெக்கைக்கு அடியிலிருந்து முதுகு வரை தோல் உரிந்து, ஒரு உள்ளங்கை அகலம், மடித்துவிட்ட துணி மாதிரி தொங்கியது. உள்ளே சிவப்பு.

நி. வந்து மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். அழவில்லை. "டாக்டர்கிட்டக் கொண்டு போலாங்க மாமா" என்றாள்.

"டாக்டரா? என்ர தையலுக்குக் கீழ சிமெண்டு லோடு கவுகாத்தி வரைக்கும் நனையாமப் போவுது. ஒரு கோழி முதுகுக்கு டாக்டரா?"

பட்டறைப் பெட்டியிலிருந்து இருப்பதிலேயே சன்ன ஊசி. மெழுகு நூல். மஞ்சள், வேப்பெண்ணெய். கழுத்துப் பொத்தலுக்கு மஞ்சள் மட்டும். முதுகுக்கு இருபத்திரண்டு தையல், அதுவும் ரெட்டைத் தையல், ஓரம் மடக்கி. முப்பது வருசத் தொழிலில் இவ்வளவு அழகாய் ஒரு தார்ப்பாய்கூட தைத்ததில்லை. கோழி முதல் மூன்று குத்துக்குக் கத்தியது. அப்புறம் கத்தவில்லை.

"பாரு சாமி. ஒரு சொட்டுத் தண்ணி உள்ள எறங்காது" என்றேன்.

"எறங்காதுங்க மாமா. உங்க தையல் எனக்குத் தெரியாதுங்களா" என்றாள் நி.

பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஆவணி 10, செவ்வாய்

வெயில். காற்றே இல்லை.

பேரரசிக்கு அரண்மனை: முட்டை வந்த அட்டைப்பெட்டி, அடியில் கிழிந்த வேட்டி. ஆகாரம்: கம்பு, நொய், சின்ன வெங்காயம். தின்றது: கம்பு ஒன்பது மணி. எண்ணினேன்.

மகாராணியைப் பார்க்கப் பக்கத்து வீடுகளிலிருந்து கூட்டம். எல்லாரும் கோழியைப் பார்க்கிற சாக்கில் நி.யைப் பார்த்துவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டுக்காரி வாயைத் திறந்தே கேட்டாள்: "ஆடி முடிஞ்சு ஆவணி பொறந்து பத்து நாளாச்சே, புள்ளை இன்னும் குமாரபாளையம் போகலியாக்கா?"

அக்கா, "ஒடம்பு செரியில்லீங்க" என்றாள். யாருக்கு என்று சொல்லவில்லை.

ஆடிப் பதினெட்டுக்கு வந்தவள் நி. கையில் ஒரு துணிப்பை, ஒரு கட்டைப்பை. கட்டைப்பையில் இந்தச் செவலை, தலை மட்டும் வெளியே. கண்டக்டர் கோழிக்கும் அரை டிக்கெட் கேட்டானாம். நான்கூட, மைசூர் மகாராசா யானையோடு வருவார், என் அக்கா மகள் கோழியோடு வந்திருக்கிறாள் என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தேன். நோன்புக்குப் பிறந்த வீடு வருகிறவள் வளர்த்த கோழியையும் தூக்கிக்கொண்டு வருவாளா? திரும்பிப் போகிற எண்ணம் இருப்பவள் அதை அங்கேயே விட்டிருக்க மாட்டாளா? இது அன்று எனக்கு உறைக்கவில்லை. இவ்வளவு பெரிய தலையை வைத்துக்கொண்டு.

சாயங்காலம் போன். நி.யின் மாமனார்.

"ஞாயித்துக்கிழம வாரமுங்க சம்பந்தி. அஞ்சு பேரு. சாப்புட்டுட்டு அப்படியே புள்ளையக் கூட்டிட்டுப் போயிர்றமுங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதுமுங்க."

"வாங்க, வாங்க! வாரதுக்கு என்னங்க" என்றேன். தாய்மாமன் குரல். அத்தான் போய்ச் சேர்ந்த பிறகு இந்த வீட்டுக்கு அந்தக் குரல்தான்.

அக்காவுக்கு முகம் மலர்ந்தது. உடனே சமையல் யோசனை. "ஒறம்பரை வாரப்பக் கோழி அடிக்காம இருக்க முடியுமா? அந்தச் செவலையவே அறுத்துரலாம். எப்படியும் பொழைக்காது. ஞாயித்துக்கிழம வரைக்கும் உசுரு இருந்தாப் போதும்."

நி. அட்டைப்பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். காதில் விழுந்தது. பெட்டியை இழுத்து மடியோடு வைத்துக்கொண்டாள்.

ஆவணி 11, புதன்

பட்டறை போனேன். பாதித் தார்ப்பாய் முடிந்தது. கீரி இப்போது நாலு முழம், கண் இரண்டும் லாரி ஹெட்லைட். டிரைவர்கள் டீயை ஆறவிட்டுக் கேட்டார்கள்.

ஒருத்தன் கேட்டான்: "ஏனுங்ணா, அக்கா மகளை இன்னும் அனுப்பலீங்களா? நீங்கதான் சமாதானம் பண்றதுல கில்லாடியாச்சே."

ஆமாம். கில்லாடி. கணக்குக்கு எழுதி வைக்கிறேன்:

முதல் தடவை, தை மாதம். நி. கண் வீங்கி வந்தாள். நான் குமாரபாளையம் போய், மாப்பிள்ளை தோளில் கை போட்டு, "பொண்டாட்டி அழுதா வீட்டுக்குத் தண்ணி பஞ்சம் வராதுங்க" என்று ஒரு ஜோக் அடித்தேன். சம்பந்தி விழுந்து விழுந்து சிரித்தார். தறிப்பட்டறை ஆள்கள்கூடச் சிரித்தார்கள். நி. உள்ளே போனாள்.

இரண்டாம் தடவை, சித்திரை. பஸ் ஸ்டாண்டிலிருந்தே போன் பண்ணினாள். "மாமா, அவரு..." என்று ஆரம்பித்தாள். "எல்லாஞ் செரியாப் போயிரும் சாமி" என்றேன். மீதியைக் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அதே பஸ்ஸில் திருப்பி ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாகப் பலாச்சுளை வாங்கிக் கொடுத்தேன். அதுவும் நான்தான்.

சாயங்காலம் கோழி தின்றது கம்பு நாலு மணி.

ஆவணி 12, வியாழன்

புழுக்கம். ஈ.

வீட்டில் ஒரு நாற்றம். சாக்கடை என்றேன். அக்கா சாக்கடைக்குப் பினாயில் ஊற்றினாள். எலி செத்திருக்கும் என்றேன். அரிசி மூட்டையை நகர்த்திப் பார்த்தோம். எலி இல்லை.

செவலை கண்ணை மூடிக்கொண்டு, றெக்கையைத் தொங்கப்போட்டு, பெட்டி மூலையில். முதுகைத் தொட்டால் சுடுகிறது. தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை. இரண்டு பக்கமும் விம்மி, நூல் சதைக்குள் இறங்கிக் கிடக்கிறது.

"வீங்கியிருக்குதுங்க மாமா" என்றாள் நி.

"தையல் புடிச்சிருக்குது. அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

மேலே இன்னும் கொஞ்சம் மஞ்சள் அப்பினேன். வெளியிலிருந்து பார்க்க நன்றாகவே இருந்தது.

நி. என்னை நிமிர்ந்து பார்த்தாள். கீரி பார்த்த பார்வைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆவணி 13, வெள்ளி

கால்நடை மருத்துவமனை. மொபெட்டில் நான், பின்னால் நி., அவள் மடியில் அட்டைப்பெட்டி. என் ஏற்பாடு இல்லை. காலை ஏழு மணிக்கே முடி பின்னி, செருப்பு மாட்டி வாசலில் நின்றாள். "நீங்க வல்லீனா நானே பஸ்ல போறேங்க."

வரிசையில் மாடு இரண்டு, வெள்ளாடு ஐந்து, சினை எருமை ஒன்று. கோழி எங்களது மட்டும். நாமக்கல் பக்கம் ஒரு பண்ணையில் மட்டும் லட்சம் கோழி நிற்கும். செத்ததை எண்ணிக் குழியில் போட்டுவிட்டு மறுவேலை பார்ப்பார்கள். இந்தச் சீமையில் ஒற்றைக் கோழியைத் தூக்கிக்கொண்டு வந்த இரண்டு பேரை எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். எருமைக்காரர் சொல்லியே விட்டார்: "கொழம்பு வெச்சா முடிஞ்சு போற சமாச்சாரம். இதுக்குப் போயி பெட்ரோல் போட்டுட்டு வாராங்க பாரு."

வேறு நாளாக இருந்தால் அந்த எருமையின் ஏழு தலைமுறையைச் சந்திக்கு இழுத்திருப்பேன். இன்று வாய் வரவில்லை.

டாக்டரம்மா சின்ன வயது. கண்ணாடி. கோழியைத் திருப்பிப் பார்த்தார்.

"யாருங்க தெச்சது?"

"நாந்தானுங்க" என்றேன். அப்போதும் நெஞ்சு ஒரு அங்குலம் நிமிர்ந்தது. சொல்லிவிட வேண்டியதுதான், நிமிர்ந்தது.

"நல்ல தையல்" என்றார். "அதுதான் தப்பு. கடிச்ச காயத்த மூடித் தெக்கக் கூடாதுங்க. பல்லோட அழுக்கு உள்ள போயிருக்கும். அது வெளிய வரதுக்கு வழி வேணும். நீங்க ஒரு பொத்தல்கூட விடாம அடைச்சு வெச்சிருக்கீங்க. நாலு நாளா உள்ளயே அழுகிட்டு இருக்குது."

"தண்ணி எறங்கக் கூடாதுன்னுதானுங்க..."

"இது லாரி இல்லீங்களே."

ஒவ்வொரு தையலாக வெட்டினார். நான் காலைப் பிடித்திருந்தேன். ஆறாவது தையலில் திறந்துகொண்டது. அதை எழுத மாட்டேன். எருமைக்காரர் எழுந்து வெளியே போனார் என்று மட்டும் எழுதுகிறேன். சாக்கடையும் இல்லை, எலியும் இல்லை.

கழுவினார், ஊசி போட்டார். திறந்தே இருக்க வேண்டும். காலையும் மாலையும் உப்புத் தண்ணீரில் கழுவி மருந்து போட வேண்டும். ஈ அண்டக் கூடாது. பிழைக்குமா என்றதற்கு, "முந்தாநேத்து வந்திருந்தா தைரியமாச் சொல்லியிருப்பேன்" என்றார். இன்னொன்றும் சொன்னார்: "மருந்து ஏறியிருக்குது. ஒரு மாசத்துக்கு இத யாரும் அறுத்துச் சாப்பிடாதீங்க."

திரும்பும் வழி முழுக்க நி. பேசவில்லை. சங்ககிரி மலை வெயிலில் பொசுங்கிக்கொண்டு நின்றது. நானும் பேசவில்லை. எங்கள் வம்சத்திலேயே முதல் தடவை.

ஆவணி 14, சனி

நாளைக்கு அவர்கள் வருகிறார்கள்.

அக்காவிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கோழி அடிக்கக் கூடாது என்றேன்.

"செரி, வேற கோழி வாங்கிட்டு வா."

"வேண்டாம்."

"என்ன வேண்டாம்? சம்பந்திக்குப் பருப்பு ஊத்தறதா? காறித் துப்ப மாட்டாங்களாடா?"

"துப்பட்டும்."

அக்கா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் என்று நினைத்தாள் போல.

மாலையில் வாழைமரத்தடியில் நி. காயம் கழுவினாள். நான் தள்ளி நின்றேன். நனையாமல் இருக்கச் சுடிதார் கையைச் சுருட்டி மேலே விட்டாள். முழங்கைக்கு மேலே, பின்பக்கம், ஒரு தழும்பு. பழையது, வெளுத்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, கருப்பு மாறாதது. தறியில் நூலைக் கொண்டு ஓடுகிற நாடாக்கட்டைக்கு இரண்டு முனையிலும் கூரான இரும்பு இருக்கும். மாப்பிள்ளையின் தறிப்பட்டறையில் அதைக் கையில் எடுத்து, "ஈட்டி மாதிரி இருக்குதே மாப்ள, போருக்குப் போலாம்" என்று சிரித்தவன் நான். முனையின் அளவு எனக்குத் தெரியும்.

"என்னாச்சு சாமி?" என்றேன்.

தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். "இதத் தையிலயே கேட்டிருக்கலாங்க மாமா."

கடலை வற்றவைக்கிற அளவுக்கு வார்த்தை வைத்திருப்பவன். ஒன்று இல்லை.

மருந்துக் குப்பியை மூடிவிட்டு அவளே சொன்னாள்: "இப்ப எங்கிட்டத் தனியாக் கேக்காதீங்க. நாளைக்கு அவியெல்லாம் உக்காந்திருக்கறப்பக் கேளுங்க. சொல்றேன். குறுக்க மட்டும் பேசாதீங்க."

சரி என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

கோழி: தண்ணீர் குடித்தது. கம்பு இல்லை.

ஆவணி 15, ஞாயிறு

மேகம். மழை இல்லை.

பதினோரு மணிக்கு வேன். சம்பந்தி, சம்பந்தியம்மா, மாப்பிள்ளை, அவன் பெரியப்பா, அத்தை. ஆப்பிள், மல்லிகைப்பூ, மைசூர்பாகு.

இலை போட்டோம். சோறு, தட்டப்பயறுக் குழம்பு, ரசம், முட்டைக்கோஸ் பொரியல், அப்பளம். சம்பந்தி இலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கண்ணால் ஒரு நடை நடந்தார்.

"ஏனுங்க சம்பந்தி, கொல்லையில பெட்டியில ஒரு கோழி கெடக்குது. எலையில காணோமே?"

"அது நோயாளிங்க" என்றேன்.

அவர் சிரித்தார். நான் ஏதோ ஆரம்பிக்கப்போகிறேன் என்று நினைத்து எல்லாரும் சிரிக்கத் தயாரானார்கள். நான் அதற்கு மேல் பேசவில்லை. சிரிப்பு பாதியில் நின்றது. அது ஒரு மாதிரியான சத்தம்.

சாப்பாடு பாதியிலேயே சம்பந்தி விஷயத்துக்கு வந்தார். "அப்புறம் என்னங்க, நாலரைக்கு மேல ராகு காலம், அதுக்குள்ள கெளம்பிரலாம். நீங்க ஒரு வார்த்த சொல்லீருங்க. எப்பவும் நீங்கதான் நல்லபடியா முடிச்சு வெப்பீங்க."

நி. கதவோரம் நின்றாள்.

"என்ன நடந்துச்சுன்னு புள்ளையே சொல்லட்டுமுங்க" என்றேன்.

அக்கா, "டேய்" என்றாள்.

நி. சொன்னாள். குரல் உயரவில்லை. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், வேறு எங்கே பார்ப்பது. பதினோரு நிமிடம். சொன்னதை இங்கே எழுத மாட்டேன், அவளுடையது. இரண்டு வருசமாக எங்களுக்கு நடுவில் கிடந்தது என்று மட்டும். சித்திரையில் பஸ் ஸ்டாண்டில் பாதியில் விட்ட வாக்கியத்தின் மீதியும் அதில் இருந்தது. "மாமா, அவரு..." என்பதற்கு அடுத்த வார்த்தை என்ன என்று நாலு மாதம் கழித்துத் தெரிந்துகொண்டேன்.

மூன்று தடவை எனக்கு வாய் வந்தது. மூன்று தடவையும் நாக்கைக் கடித்தேன். ஒரு தடவை நிஜமாகவே.

மாப்பிள்ளை சோற்றைப் பிசைந்தபடி, "கோவத்துல ஒரு தடவ நடந்துருச்சுங்க" என்றான்.

"நாலு தடவைங்க" என்றாள் நி.

பெரியப்பா, "எந்த வீட்லதான் இல்ல" என்றார். சம்பந்தி என்னைப் பார்த்தார். "என்னங்க நீங்களும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு? ஏதாச்சும் சிரிக்கறாப்பல சொல்லி முடிச்சு வையிங்க."

"புள்ள உங்ககூட வல்லீங்க" என்றேன். "ரசம் ஊத்தட்டுங்களா?"

எழுந்துவிட்டார்கள். இலையை மடிக்கவில்லை. வேனில் ஏறும்போது சம்பந்தியம்மா நன்றாகக் கேட்கும்படி சொன்னது: "கோமாளிய நம்பிப் பொண்ணெடுத்தோம் பாரு."

மறுக்க முடியவில்லை.

இதில் வீரம் ஒன்றும் இல்லை என்று எழுதி வைக்கிறேன், பின்னால் டீக்கடையில் நானே மாற்றிச் சொல்லிவிடாமல் இருக்க. தையில் கேட்க வேண்டியதை ஆவணியில் கேட்டேன். நடுவில் இருந்த தழும்பு என் கணக்கு.

அக்கா ஐந்து இலைச் சோற்றையும் பக்கத்து வீட்டு எருமைத் தொட்டியில் கொட்டினாள். மைசூர்பாகு யாரும் தொடவில்லை.

ஆவணி 16, திங்கள்

பட்டறை. டீக்கடையில் கேட்டார்கள், கீரி இன்றைக்கு எத்தனை முழம் என்று.

"ஒன்றரை" என்றேன்.

ஒருத்தரும் நம்பவில்லை.

அக்கா இரவுச் சாப்பாட்டை என் தட்டில் போடாமல் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். நி. வேலைக்கு விசாரிக்கிறாள். சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கம்ப்யூட்டருக்கு ஆள் வேண்டுமாம். நான் சொல்லிவிடவா என்றேன். "வேண்டாமுங்க, நானே போய்க் கேக்கறேன்" என்றாள்.

கோழி தின்ற கம்பு: ஏழு மணி.

ஆவணி 17, செவ்வாய்

விடியலில் தூறல். மண் வாசனை, மேலே பினாயில் வாசனை.

செவலை எழுந்து நிற்கிறது. வலது றெக்கை தரையில் இழுபடுகிறது. அது இனிமேல் மேலே ஏறாது, கோழி இனி மதில் தாவி முட்டையிடப்போகாது என்று நி. சொல்கிறாள். முதுகில் பள்ளம். ஓரத்தில் மட்டும் புதுச் சதை, ரோஜா நிறம். கொக்கரிக்கிறது. நி. கையிலிருந்து தின்கிறது.

என்னைக் கண்டதும் றெக்கையை இழுத்துக்கொண்டு அம்மிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. அட்டைப்பெட்டியைத் தட்டினேன், கம்பு காட்டினேன், பேரரசியே என்று கூப்பிட்டேன். வரவில்லை.

நி. உப்புத் தண்ணீர் கொண்டுவந்தாள். கோழியைப் பிடித்து வந்து குந்தி உட்கார்ந்தாள். மருந்துக் குப்பியைத் திறக்க நான் கை நீட்டினேன்.

"காலை மட்டும் புடிங்க மாமா. வேற ஒண்ணும் பண்ணாதீங்க."

பிடித்தேன்.